கொதித்து ஆறிய தண்ணீர்

ஜனவரி 9

தம்பிக்கு,

நான் வீட்டை விட்டு ஓடிப்போகப் போவதாகச் சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அது தவறு. எழுபத்தொரு வயதில் யாரும் ஓடுவதில்லை. உங்கள் அண்ணன் வாங்கிய கேம்பர் டிரெய்லரை என் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, பகல் வேளையில், வேக வரம்புக்குள், சில மாதம் ஊர் பார்க்கப் போகிறேன். இதற்கு ஓடுதல் என்று பெயர் இல்லை. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று அவர்கள் சொல்லித் திரிவதும் தவறு. முப்பத்திரண்டு வருடம் நூலகத்தில் புத்தகப் பட்டியல் எழுதியவள். கண்டிப்பாகப் பேசுகிறவர்கள் எல்லாம் தலைமையாசிரியைகள் ஆகிவிட மாட்டார்கள்.

நான் சௌக்கியம். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? உங்கள் மனைவியின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக மகள் சொன்னாள்.

உங்கள் அண்ணன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிலை மூன்று அறைகளுக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன். "அம்மா, கட்டில் பண்ணின தப்பு என்ன?" என்று மகள் கேட்கிறாள். டிரெய்லரை விற்றுவிடச் சொல்கிறாள்.

அவர் காரியத்துக்கு நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. இது பேட்டரி பற்றிய கடிதம். நாற்பது வருடமாக பேட்டரிக் கடை நடத்துகிறவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். டிரெய்லரில் இருந்த பேட்டரி செத்துவிட்டது. டீப் சைக்கிள் பேட்டரி என்று கேட்டு வாங்க வேண்டுமாம். என் தேவைகள்: ஆறு வாட் விளக்கு இரண்டு, தினம் நான்கு மணி நேரம். பதினைந்து வாட் விசிறி, எட்டு மணி நேரம். நாற்பத்தைந்து வாட் சின்ன ஃபிரிட்ஜ். போனுக்கு இருபது வாட், ஒரு மணி நேரம். கூரையில் சோலார் பலகை இருக்கிறது. என் ஓய்வூதியத்துக்குள் அடங்குவது எது?

போனில் எண்கள் தவறும். எழுதவும்.

அண்ணி

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. உறை மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் இருப்பதைக் காட்டிக்கொள்கிறது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அதனால் வீட்டில் தூசி அதிகமாகிவிட்டது, நான் பெருக்குகிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் சொல்வீர்கள். இப்போது 'நீங்கள்' ஆகிவிட்டேன். பரவாயில்லை. வாடிக்கையாளர்களுக்கும் எனக்கும் அதுதான் வழக்கம்.

கேட்டதற்குப் பதில். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி. ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். டீப் சைக்கிள் சுமை தூக்குகிறவன். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுப்பான். அதில் மூன்று வகை. தண்ணீர் ஊற்றுவது விலை குறைவு, கவனிப்பு வேண்டும். மூடி முத்திரை வைத்தது ஏறக்குறைய இரு மடங்கு விலை, கவனிப்பு வேண்டாம். லித்தியம் எடை குறைவு, ஆயுள் அதிகம், விலையைக் கேட்டால் உங்கள் மாத்திரை போதாது.

உங்கள் கணக்குப்படி ஃபிரிட்ஜ் மட்டுமே நாளுக்கு ஆயிரத்து எண்பது. எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு வாட் மணி. பன்னிரண்டு வோல்ட்டில் நூற்றாறு ஆம்பியர் மணி. இது பெரிய தேவை.

ஒன்று கேட்கலாமா அண்ணி. பதினோரு வருடத்துக்கு முன் டிரெய்லருக்கு நான் கொடுத்த பேட்டரியால்தான் நடுவழியில் இருட்டில் நின்றீர்கள் என்று அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார். என்னிடமே மறுபடி கேட்கிறீர்களே?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

*

ஜனவரி 28

தம்பிக்கு,

இங்கு நலம். தரையைத் துடைக்கும்போது முழங்காலை மடக்க வேண்டாம், நீளக் கம்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் பிழை. ஃபிரிட்ஜ் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதில்லை. அதன் எதிரில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இருபது நிமிடம்தான் ஓடியது. ஆக முந்நூற்று அறுபது. மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு ஆம்பியர் மணி. பல மாதங்களில் நான் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தது அன்றுதான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இங்குள்ள ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லித்தியத்தை விட்டு இறங்கவில்லை. "ஒரு தடவ மாட்டிட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்மா. கேரண்டி."

"பேட்டரிக்குச் சரி. பத்து வருஷத்துக்கு எனக்கு யார் கேரண்டி தர்றது?"

அவர் சிரிக்காமல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் வெளியில் தண்ணீர் குடிப்பதில்லை. கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி இருபது நிமிடம் கொதிக்க வைத்து, மூன்றாக மடித்த துணியில் வடிகட்டிய தண்ணீர் எப்போதும் என் பையில் இருக்கும்.

கவனிப்புக்கு நான் பயந்தவள் அல்ல. எனவே தண்ணீர் ஊற்றும் வகையே போதும். அளவையும் பராமரிப்பு முறையையும் எழுதவும்.

பழைய கதையைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பேட்டரி மோசமாக இருந்ததற்காக நீங்கள் மோசமானவர் ஆகிவிட மாட்டீர்கள். எந்தக் கடையிலும் ஒன்றிரண்டு அப்படி வரும். உங்கள் அண்ணன் அதைப் பெரிதாக்கினார் என்று அப்போதே நினைத்தேன். உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அண்ணி

*

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நீளக் கம்பு வாங்கியாகிவிட்டது. "உங்க அண்ணி எழுநூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருந்துக்கிட்டே வீட்டச் சுத்தம் பண்றாங்க" என்கிறாள் இவள்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. நாற்பது வருட வியாபாரத்தில் என் கணக்கைத் திருத்திய முதல் வாடிக்கையாளர் நீங்கள்.

தண்ணீர் வகையில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. முழுக்கக் காலி செய்தால் ஆயுள் போய்விடும். ஆக நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்றிரண்டு வேண்டும். இரண்டு நாள் வெயில் வராவிட்டால் அதன் இரண்டு மடங்கு. மலிவான வழி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட்டில் பெரிதாக ஒன்று வாங்காமல், ஆறு வோல்ட்டில் இரண்டு வாங்கித் தொடராக இணைத்துவிடுங்கள். உள்ளே ஈயத் தகடு தடிமன், அடி தாங்கும். இருநூற்று இருபத்தைந்து ஆம்பியர் மணி கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று வாய், மொத்தம் ஆறு.

பராமரிப்பு. மாதம் ஒரு முறை மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், பொங்கும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். உங்கள் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்ததால் அழுத்திச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் இரும்பும் சாகாது. துணியிலும் நிற்காது. குடிக்க அது அமிர்தம், பேட்டரிக்கு விஷம். உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் இரும்பு அதிகம், ஒரு பருவம் தாங்காது.

பேட்டரிகளை இங்கேயே எடுத்துக்கொள்ளலாமே. அதுவரை வழியில் மின்சாரம் உள்ள முகாம்களில் தங்கி வரலாம். உங்கள் பயணத்தின் முதல் ஊர் எங்கள் ஊராக இருக்கட்டும். இவள் மாடி அறையை இப்போதே ஒழிக்கிறாள். தேதி எழுதுங்கள்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. டிரெய்லர் கூரையில் ஒழுக்கு இருந்தது, அதை அடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன். கட்டிலை மறுபடி முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். பொதுவாகத்தான் கேட்கிறேன். தவறான தண்ணீரை ஐந்து மாதம் ஊற்றினால் ஒரு நல்ல பேட்டரி கெட்டுவிடுமா, அல்லது அதில் வேறு குறையும் இருந்தால்தான் கெடுமா? உங்கள் அண்ணன் திருப்பி அனுப்பிய பேட்டரி எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று நினைவிருக்கிறதா?

விலை அதிகமானாலும், யாரும் எதையும் ஊற்ற முடியாத முத்திரை வைத்த வகையே எனக்கு நல்லது என்று தோன்றுகிறது.

மாடி அறைக்காக அவளைச் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லவும். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்களா?

அண்ணி

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஏழு வாரம் கழித்து வந்த கடிதத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது. உடம்பு சரியாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தானே இருக்கிறீர்கள்?

கேட்டதற்குப் பதில். கெடும். வேறு குறை எதுவும் வேண்டியதில்லை.

திரும்பி வந்த பேட்டரி நினைவிருக்கிறதா என்றீர்கள். மறந்தால்தானே. அன்றே பட்டறையில் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த திரவம் ஆறிப்போன டீ நிறம். மூடிகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் அண்ணன். நான் நாலு கேன் டிஸ்டில்டு வாட்டர் கூடவே அனுப்பியிருந்தேன். அதை என்ன செய்தாரோ.

கெட்டதற்கு எனக்கு வருத்தமில்லை. கைமறதி யாருக்கும் வரும். "தெரியாம ஊத்திட்டேன்டா வோல்ட்டு" என்று சொல்லியிருந்தால் அன்றே இன்னொன்று அனுப்பியிருப்பேன். அவர் எழுதிய கடிதம் இன்னும் கடை மேஜையில் இருக்கிறது. 'நீ சொன்ன தண்ணீர்தான் மாதம் தவறாமல் ஊற்றப்பட்டது. இதற்கு நான் சத்தியம் செய்வேன். கூடப் பிறந்தவனுக்கே அழுகல் சரக்கைத் தள்ளிவிட்டாய்' என்று எழுதியிருந்தார். என் தொழிலைப் பழித்ததைக்கூடப் பொறுப்பேன். பொய்ச் சத்தியத்தை எப்படிப் பொறுப்பது? என்னை வோல்ட்டு வோல்ட்டு என்று தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அதனால்தான் கடைசிக்கும் வரவில்லை. பொய் சொன்னவர் முகத்தை அப்படிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். போனவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது. நீங்கள் கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

முத்திரை வைத்தது எதற்கு? அது வீண் செலவு. உங்களைவிடக் கவனமாகத் தண்ணீர் ஊற்ற யாரால் முடியும்?

சொட்டு மருந்து நிறுத்தியாகிவிட்டது. மாடி அறை தயார்.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நான் வரவில்லை. டிரெய்லரை வாங்க மகள் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வந்து பார்க்கிறார். அதில் காய்கறிக் கடை வைக்கப் போகிறாராம். பேட்டரி தேவைப்படாது. இதுவரை எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி.

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. இருவரும் நலமாக இருங்கள்.

அண்ணி

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நான் அண்ணனைப் பற்றி எழுதியது உங்களைப் புண்படுத்திவிட்டது. இவள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "புருஷன பறிகொடுத்துட்டு நிக்கிறவங்ககிட்ட அவரு பொய்யருன்னு எழுதிப் போடுற ஆள் ஊர்ல நீங்க ஒருத்தர்தான். பேட்டரியத் திறந்து பாக்கத் தெரியுது, மனுசங்களத் தெரியல" என்றாள். எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. உண்மை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் எழுதாமல் இருந்திருக்கலாம்.

உங்களுக்கென்று இரண்டு பேட்டரி எடுத்து வைத்துவிட்டேன். சார்ஜ் ஏற்றிய உடனே அளந்தால் எந்த பேட்டரியும் நிறைந்ததாகத்தான் காட்டும், அதை நம்பக் கூடாது. ஒரு நாள் சும்மா விட்டு அளந்தேன். இரண்டும் ஆறு புள்ளி மூன்று ஏழு வோல்ட். குறையில்லாத சரக்கு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதில் வேறு பெயர் எழுத மாட்டேன்.

டிரெய்லரைக் காய்கறிக்குக் கொடுக்காதீர்கள். அதன் ஜன்னலுக்கு நானும் அண்ணனும் சேர்ந்துதான் ரப்பர் ஒட்டினோம்.

தம்பி

(அக்கா, நான்தான் எழுதறேன். இவரு பேச்ச விடுங்க. நீங்க வந்துடுங்க.)

*

மே 6

தம்பிக்கு,

உன் முழங்காலும் அவள் கண்ணும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. சென்ற இரண்டு கடிதங்களில் அதை மறைத்தேன். அதைவிடப் பெரியதை மறைத்ததால் இது கண்ணில் படாமல் போயிற்று.

உன் அண்ணனைப் பொய்யர் என்று நீ பதினோரு வருடமாக நினைத்து வந்திருக்கிறாய். அது தவறு. அந்தத் தண்ணீரை ஊற்றியது நான்.

நீ அனுப்பிய நாலு நீலக் கேன்களும் பின்கட்டில் தூசி படிந்து கிடந்தன. ஒன்றின் மூடியில் எறும்பு செத்து ஒட்டியிருந்தது. அழுக்குக் கேனிலிருந்து எதையும் எதற்குள்ளும் ஊற்ற என் கை வராது. நாலையும் தோட்டத்தில் கொட்டினேன். இருபது நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூன்றாக மடித்த துணியில் வடிகட்டி, ஆறு வாய்க்கும் சமமாக ஊற்றினேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, ஐந்து மாதம். ஒரு முறையும் தவறவில்லை. உன் பொருளுக்கு நான் மரியாதை செய்வதாக நினைத்தேன்.

வண்டி நடுவழியில் இருண்டபோது அவர் கேட்டார்: "தண்ணி ஊத்துனியா?"

"மாசம் தவறாம."

"அவன் சொன்ன தண்ணியா?"

"சுத்தமான தண்ணி. என்னை என்னன்னு நெனைச்சீங்க?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என் சொல்லை வைத்துத்தான் உனக்குச் சத்தியம் எழுதினார். அந்தக் கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் படித்துக் காட்டினார். சரியாக இருக்கிறது என்றேன்.

பிப்ரவரியில் உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. அதை மட்டும் நீ நம்ப வேண்டும். அந்த ஏழு வாரமும் கூரை ஒழுகவில்லை. முதல் வாரம் உன் கடிதத்தில் பிழை தேடினேன். பிறகு நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். அவையும் உன் பக்கம்தான் பேசின. கடைசியில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைத் திறந்து உள்ளே பார்த்தேன். அடியில் வெள்ளைப் பொருக்கு. நாற்பது வருடமாக மாதம் ஒரு முறை வினிகர் ஊற்றித் தேய்த்து அதை எடுக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அதன்பின் அவர் வேறு கடையில் பேட்டரி வாங்கினார். தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடம் தரவில்லை. "குனிஞ்சா உனக்கு முதுகு வலிக்கும், நான் பாத்துக்கறேன்" என்றார். அப்போது எனக்கு முதுகு வலித்ததே இல்லை. பின்னாளில் அவருக்கு விஷயம் தெரிந்து, என்னைக் காப்பாற்ற உன்னை விட்டுக்கொடுத்தாரா, அல்லது தெரியாமலே போனாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவர் பொய்ச் சத்தியம் எழுதவில்லை. எழுதிய அன்று அவர் நம்பியதைத்தான் எழுதினார். அந்தக் கடிதத்தைக் கடை மேஜையிலிருந்து எடுத்துவிடு, அல்லது இதையும் அதனோடு சேர்த்து வை.

ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்காரர் வந்தார். டிரெய்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் ரப்பரைப் பிய்த்துப் போடலாம் என்றார். விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன். மகள், "உனக்கு என்னதான்மா வேணும்?" என்றாள். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி கிளம்பினால், வழியில் இரண்டு இரவு தங்கி, இருபத்தேழு மதியம் உன் கடை வாசலுக்கு வந்துவிடுவேன். பேட்டரிக்கு முழு விலை தருவேன். தண்ணீரை நீ உன் கையால் ஊற்று, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். இதைப் படித்த பிறகும் நான் வரலாமா, கூடாதா? கோபமாக இருந்தால் அதையும் சொல். போன் செய்ய வேண்டாம், அவளிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். இருபதாம் தேதிக்குள், உன் கையெழுத்தில், ஒரு வரி பதில் எழுது.

அண்ணி